இழுக்கிற ராஜபாளையமும் என் இடது மணிக்கட்டும்

என் நாய் ராஜபாளையம் ஜாதி, ஆண், பெயர் துரை. போன வருடம் இதே சமயத்தில் அவனுக்கு ஒரு வயதுகூட முழுதாக ஆகவில்லை, எடை மட்டும் 26 கிலோ. எனக்கு 53 வயது, எடை அவனைப்போல இரண்டு மடங்கு. கணக்குப் பார்த்தால் நான்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் நான்கு காலையும் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி அவன் இழுக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. பாளையங்கோட்டை மகாராஜநகர் பக்கம் காலையில் நடக்கிறவர்களுக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். “என்ன டீச்சர், நாய நீங்க கூட்டிட்டுப் போறீயளா, நாய் உங்களக் கூட்டிட்டுப் போவுதா?” என்று கேட்காத ஆளே கிடையாது. முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்தே இருட்டோடு கிளம்ப ஆரம்பித்தேன்.

குட்டியைக் கொண்டுவந்தது என் மகன். நண்பன் வீட்டில் போட்ட குட்டி, காசு கொடுத்து வாங்கியதில்லை. அவனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததும், “தனியா இருக்கீங்கம்மா, துரை துணைக்கு இருப்பான்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான். கையடக்கக் குட்டியாக இருந்தபோது துரை கயிற்றை இழுத்தால், “இப்பவே என்ன வேகம் பாரு” என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ரசித்தார்கள். ஏழெட்டு மாதத்தில் தோள் அகன்று, கால் நீண்டு, கேட்டைத் திறந்த நொடியில் என்னைப் படியோடு இழுத்துக்கொண்டு போனபோது ரசிக்க ஒருவரும் இல்லை.

இந்த ஜாதியைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் நிறையப் பேர். பாளையக்காரர் காலத்துக் காவல் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய், 2005-இல் நம் நாட்டு நாய்களுக்காகத் தபால் துறை வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்கு. எல்லாம் உண்மைதான். வேட்டை நாயைத் தெருவில் பிடித்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இது கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். தூரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி அசைந்தால் போதும், வால் நின்றுவிடும், உடம்பு விறைக்கும், வாய் மூடிக்கொள்ளும். அதற்கடுத்த நொடி உங்கள் தோள்பட்டைக்குத்தான் ஆபத்து. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. கூப்பிட்டால் திரும்பாத குட்டியைத் திமிர் பிடித்தது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அது பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். துரைக்குக் காது நன்றாகக் கேட்டது. கேட்டும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. இரும்புச் சங்கிலி போடுங்கள் என்றார் ஒருவர். போட்டேன், கொக்கியின் ஸ்பிரிங் விட்டு ஒருநாள் நடுத்தெருவில் கழன்றது. இன்னும் கனமானது வாங்கினேன், அது என் உள்ளங்கையை உரித்தது. இரண்டுக்கும் சேர்த்து 600 ரூபாய். அடுத்து சோக் செயின், 450 ரூபாய். இழுத்தால் கழுத்து இறுகும், வலித்தால் தானே நிறுத்திவிடும் என்று கடைக்காரர் சொன்னார். துரை நிறுத்தவில்லை. இருமிக்கொண்டே இழுத்தான். கண் சிவந்து, கர் கர் என்று மூச்சு வாங்கி, அப்படியும் இழுத்தான். தடுப்பூசி போடப் போனபோது மருத்துவர் அம்மா அந்தச் செயினைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மூச்சுக்குழாய் நசுங்கும், கழுத்து இறுகினால் கண்ணுக்குள் இருக்கிற அழுத்தமும் ஏறும் என்று விளக்கினார். ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் முட்டித் தள்ளுவது எந்தப் பிராணிக்கும் இயல்பு, நாம் பின்னால் இழுக்க இழுக்க அது முன்னால்தான் போகும் என்றும் சொன்னார். நம்மை யாராவது பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தால் நாமும் முன்பக்கம்தான் சாய்கிறோம். இந்த ஒரு விஷயம் முதல் நாளே தெரிந்திருந்தால் எனக்குப் பாதிச் செலவு மிச்சம்.

அப்புறம் டிரெய்னர். ஊர் பேர் வேண்டாம். நாயை ஒரு மாதம் அவர்களிடமே விட்டுவிட வேண்டும், 15,000 ரூபாய், சாப்பாடு உட்பட. தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். துரை அவர் காலை ஒட்டி, மிலிட்டரி நாய் போல நடப்பான். பார்க்கப் பார்க்க என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஒரு மாதம் கழித்துக் கூட்டிவந்தேன். முதல் இரண்டு நாள் மெதுவாக நடந்தான். அந்த வாரம் முடிவதற்குள் பழைய துரை திரும்பிவிட்டான். கூடவே ஒரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. கொடியில் துணி காயப்போட நான் கையைத் தூக்கினாலே பதுங்கினான். அங்கே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. போன் போட்டேன். “நீங்க ஸ்ட்ரிக்டா இருக்கணும் மேடம்” என்றார்.

அவருடைய கைக்கு அடங்கி நடந்தானே தவிர, கயிறு தொய்வாக இருக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்ளவில்லை. நாய் இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்றபடி பழகுகிற பிராணி. அதனால் டிரெய்னரிடம் போகிறவர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் தெருவுக்கு வந்து, கயிற்றை என் கையில் கொடுத்து, எனக்குச் சொல்லித்தருவீர்களா? நாய் தப்புச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நான் வந்து பார்க்கலாமா? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாய்க்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்பவரைவிட நமக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்பவருக்குத்தான் காசு கொடுக்கலாம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் விழுந்தேன். தெருமுனையில் ஆட்டு மந்தை ஒன்று திரும்பியது. நைலான் கயிறு, பிடி நழுவக் கூடாது என்று இடது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள், காலையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் பாருங்கள். துரை பாய்ந்தான். ரப்பர் செருப்பு சேற்றில் வழுக்கியது. விழுந்த பிறகு கயிற்றை விட நினைத்தாலும் விட முடியவில்லை, அது கையைப் பூட்டிவிட்டிருந்தது. ஐந்தாறு அடி இழுபட்டிருப்பேன். பால்காரத் தம்பி வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தார். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரே, டாக்டர், கட்டு, பிறகு பிசியோதெரபி என்று 23,000 ரூபாய். சாயங்கால டியூஷனை நிறுத்தியதில் ஒரு 8,000. முன்னால் சொன்னதையும் சேர்த்தால் 47,000 ரூபாய், காசு கொடுக்காமல் வந்த குட்டிக்கு.

கயிறு பிடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றவே கூடாது. கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சக் கயிற்றை உள்ளங்கையில் மடித்து வைத்து மூடுங்கள். உயிர் போகிற அவசரத்தில் கையை விரித்தால் கயிறு போய்விட வேண்டும். மற்றக் கை கயிற்றின் நடுவில், இரண்டு கையும் தொப்புள் உயரத்தில், முழங்கை உடம்பை ஒட்டி. அப்போதுதான் இழுப்பு தோளுக்குப் போகாமல் இடுப்புக்கும் காலுக்கும் போகும். ஆறடி நீளக் காட்டன் கயிறு போதும், நைலான் ஓடினால் தோலை எரித்துவிடும். பட்டனை அழுத்தினால் உள்ளே சுருளுகிற கயிறு இந்த மாதிரி நாய்க்கு வேண்டவே வேண்டாம், எப்போதும் கொஞ்சம் இழுத்தபடி இருப்பதுதான் அதன் அமைப்பே. காலில் பிடிமானமுள்ள ஷூ. போன் பையில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

கட்டோடு உட்கார்ந்திருந்த முதல் இரண்டு வாரம் எப்படி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. துரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே போக முடியாத கோபத்தில் அவன் துளசிமாடத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். சங்கரன்கோவில் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் காவலுக்குக் கேட்டார், கொடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மகனிடம் போனில் கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போனை வைத்ததும் துரை வந்து மாவுக்கட்டின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்தான், கனமான தலை, வலித்தது, எடுக்கச் சொல்லவும் மனசு வரவில்லை. தோட்டக்காரருக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

கயிறு பிடிக்கக் கையில்லாததால், கயிறே இல்லாமல் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மொட்டை மாடிதான் பள்ளிக்கூடம். தட்டில் போடுகிற கோழிக்கறியையும் முட்டையையும் அவித்து, பட்டாணி அளவுக்கு நறுக்கி, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மாடியில் சும்மா நடப்பேன். துரை தானாக என் காலுக்குப் பக்கத்தில் வந்தால் “சரி” என்று சொல்லி, என் தொடையை ஒட்டி ஒரு துண்டு. முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால் போகத்தான் கற்றுக்கொள்ளும், அதனால் எப்போதும் தொடையை ஒட்டித்தான். இடது கை கட்டில் இருந்ததால் வலது கையால் கொடுத்தேன், அதனால் துரை இன்றைக்கும் என் வலப்பக்கம்தான் நடக்கிறான். இடப்பக்கம்தான் நடக்க வேண்டும் என்று சட்டமெல்லாம் இல்லை, ஏதாவது ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் சரி. அந்தச் “சரி”தான் தொல்லையாகிவிட்டது. போனில் யாருக்காவது “சரி சரி, வைக்கிறேன்” என்று சொன்னால் துரை ஓடிவந்து காலடியில் நின்றான். வாயில் சாதாரணமாக வராத சொல்லாக இருக்கட்டும் என்று “சபாஷ்” என்று மாற்றினேன். நெத்திலிக் கருவாடும் கொடுத்துப் பார்த்தேன், உயிரை விடுவான், ஆனால் உப்பு அதிகம் என்று மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்.

கட்டுப் பிரித்து, கைக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு ஹார்னஸ், அதாவது மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற பட்டை, வாங்கினேன், 1,400 ரூபாய். இதில் பார்க்க வேண்டியது கொக்கி மாட்டும் வளையம் எங்கே இருக்கிறது என்பது. முதுகில் மட்டும் வளையம் இருந்தால் மார்பின் முழு பலத்தையும் போட்டுச் சுகமாக இழுக்கும், பனிவண்டி இழுக்கிற நாய்களுக்குப் பூட்டுவதும் கிட்டத்தட்ட அந்த அமைப்புதான். மார்புக்கு நடுவில் வளையம் இருந்தால், இழுக்கும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும், வேகம் கிடைக்காது. ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றுக்குத் தலை ஒடுங்கல், கழுத்து தடிமன். பின்னால் நகர்ந்து தலையை உருவினால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். நான் ஹார்னஸையும் கழுத்துப் பட்டையையும் ஒரு சின்னக் கொக்கியால் சேர்த்தே மாட்டுகிறேன், ஒன்று கழன்றாலும் மற்றது இருக்கும். இந்த உபகரணம் எதுவும் நாய்க்கு எதையும் கற்றுக்கொடுக்காது. நாம் கற்றுக்கொடுக்கும் வரைக்கும் விழாமல் காப்பாற்றும், அவ்வளவுதான் அதன் வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாய் இழுக்கிறது என்றால், இழுத்தபோதெல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே கயிறு இறுகினால் நான் நிற்பேன். திட்டுவதில்லை, பின்னால் சுண்டி இழுப்பதில்லை, பேசுவதுகூட இல்லை. கயிறு தொய்ந்தால் “சபாஷ்”, ஒரு துண்டு, நடை. கேட்டிலிருந்து முதல் மின்கம்பம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. ஆரம்பத்தில் அதைத் தாண்டியதே இல்லை. வாக்கிங் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும். துரை முன்னால் போய்க் கயிறு விறைத்ததும் நான் நிற்பேன். அவன் முன்னங்காலைத் தூக்கிக் குதிப்பான், ஊளையிடுவான், திரும்பி வந்து கயிற்றைக் கடிப்பான். நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு கட்டத்தில் என்ன ஆச்சு இந்த அம்மாவுக்கு என்கிற மாதிரி காதை மட்டும் பின்னால் திருப்புவான். எடை ஒரு பின்னங்காலுக்கு மாறும். கயிறு லேசாகத் தொங்கும். அந்தக் கணத்தில் சொல்ல வேண்டும் “சபாஷ்”. அவன் முழுசாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தால் கணம் போய்விடும்.

இந்த முறையில் முதல் சில நாள் இழுப்பு கூடும், குறையாது. இதுவரை பலித்தது திடீரென்று பலிக்கவில்லை என்றால் நாயும் இன்னும் பலமாக முயன்று பார்க்கும்தானே. இங்கேதான் பலர் இதெல்லாம் நம்ம ஊர் நாய்க்குச் சரிவராது என்று கைவிடுகிறார்கள். அந்த உச்ச இழுப்பில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், அவ்வளவு பலமாக இழுத்தால்தான் கிடைக்கும் என்று அது பாடம் படித்துவிடும். அவசரமாக எங்கேயாவது போக வேண்டிய நாளில் இந்தப் பயிற்சியை எடுக்கவே கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மார்பு வளையத்தில் கயிறு மாட்டினால் பாடம், முதுகு வளையத்தில் மாட்டினால் விடுமுறை. நேரமில்லாத நாளில் முதுகில் மாட்டி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனை வரைக்கும் போய் வேலை முடித்துவிட்டு வந்துவிடுவோம். நாய்க்கு இந்த வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்குப் புரிகிறது. பொங்கலுக்கு மகன் வந்தபோது இந்த ஏற்பாடுதான் காப்பாற்றியது. அவன் ஜாலியாக இழுபட்டுக்கொண்டு ஓடுகிற ரகம். “ஏல, மார்புல மாட்டாத, முதுகுல மாட்டிக்க” என்று ஒரே கண்டிஷன் போட்டேன்.

காலம் பூராவும் கறித்துண்டோடு அலையணுமா என்று பக்கத்துவீட்டு அக்கா கேட்டார். வேண்டாம். நாய்க்கு மோப்பம் பிடிப்பதே பெரிய கூலி. கயிறு தொய்வாக நான்கு எட்டு வைத்தால், “போ, பாரு” என்று அந்த மின்கம்பத்துக்கே விட்டுவிடுகிறேன். அவன் ஆசை தீர மோந்துவிட்டு வரட்டும். எதை நோக்கி இழுத்தானோ அதையே இழுக்காததற்குக் கூலியாகக் கொடுக்கிற இந்த உத்திதான் இருப்பதிலேயே அதிகம் உதவியது. இப்போது பையில் கறி இருப்பது ஆடோ தெருநாயோ எதிரே வந்தால் அவனுக்குக் கொடுக்க மட்டும்.

ஆடு இன்னமும் கஷ்டம்தான். அதில் தூரம்தான் எல்லாம். உழவர் சந்தைப் பக்கம் மந்தை தெரிந்தால், துரை பார்த்தும் என் கையிலிருந்து வாங்கித் தின்கிற தூரத்தில் நிற்பேன். அவித்த ஈரலை நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம், அந்த நிலையில் எதுவும் மண்டையில் ஏறாது. வந்த வழியே பின்வாங்க வேண்டியதுதான். அதற்காக “வா போலாம்” என்று சொன்னதும் சட்டென்று திரும்பி நடக்கிற பழக்கத்தை மாடியிலேயே தனியாகப் பழக்கினேன். தெருநாய்கள் எதிரே வந்தாலும் அதேதான். அவை தங்கள் எல்லையில் நிற்கின்றன, நாம்தான் விருந்தாளி. ஓடாமல், கல்லெடுக்காமல், அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். கறிக்கடை இருக்கிற முனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரைபடத்திலேயே கிடையாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு உண்மை, நடையால் மட்டும் இந்த நாய் அடங்காது. ஓடுவதற்கென்றே உண்டான உடம்பு. வாரம் ஒருமுறை தெரிந்தவருடைய வேலி போட்ட தோப்பில் நீளக் கயிற்றோடு விட்டுவிடுகிறேன். ஓடிவிட்டு வந்த மறுநாள் தெருவில் பாதிச் சிரமம்தான். சித்திரை, வைகாசியில் இதற்கும் தடை. ஆறரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், சாயங்காலம் ஆனாலும் தார்ச்சாலை சூடு விடாது. புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. அந்த மாதங்களில் விடியும் முன் ஒரு சின்னச் சுற்று, பிறகு வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே பாடம்.

தோட்டக்காரர் போன மாதம் மறுபடி கேட்டார், இல்லை என்றுவிட்டேன். பூனை விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. மூன்றாவது வீட்டு மதில்மேல் ஒரு கறுப்புப் பூனை இவனுக்காகவே உட்கார்ந்திருக்கிறது, அங்கே என் தோள்பட்டைக்கு இன்னமும் வேலை உண்டு. ஹார்னஸ் வாங்க நினைப்பவர்கள் இனத்தின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து வாங்குங்கள். ஒல்லி இடுப்பும் ஆழமான மார்பும் உள்ள நாய்க்கு லேப்ரடார் அளவு பொருந்தாது, இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் வேண்டும். ஒன்றரை வயதுவரை மார்பு அகலமாகிக்கொண்டே இருக்கும், அதனால் பட்டைகளை நீட்டிக்கொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். நான் முதலில் எடுத்ததை மூன்றே மாதத்தில் மாற்ற வேண்டியிருந்தது. அந்த 1,400 ரூபாய் மேலே சொன்ன கணக்கில் சேரவில்லை.